புறனடை ஈற்றில் நிற்க

“இலக்கணம் கற்பதாற் பயன் யாது?” என வினவும் கணினி மாணவர்க்கு ஒரு சொல். எக்ஸ்பிரஸ் முதலிய இணையச் சட்டகங்களில், வருவோர் கேட்கும் முகவரி, நிரலில் எழுதிய விதிகளோடு மேலிருந்து கீழாக ஒப்பிடப்படும். முதலிற் பொருந்திய விதியே விடையளிக்கும். உடுக்குறியிட்ட பொதுவிதி எம்முகவரிக்கும் பொருந்தும். அதனை முதலில் வைப்பின், பெறுபேறு நாடிய வெள்ளவத்தை மாணவனும் நூலகம் நாடிய கொட்டாஞ்சேனை மாணவனும் ஒரே பக்கத்தையே காண்பர். பிழையென்று உணர்த்துவாரும் இலர். நன்னூலாரோ சிறப்பு விதிகளைக் கூறி முடித்த பின்னரே எழுத்ததிகாரத்தின் ஈற்றிற் புறனடை வைத்தார். எஞ்சியவற்றைத் தழுவுதலே புறனடையின் தொழில், முன்னின்றவற்றை விழுங்குதலன்று. ஆதலின், நிரலாக்கம் பயில்வோர் இலக்கண வகுப்பைக் கைவிடற்க. விதிகளை முறைப்பட நிறுத்தும் அறிவு இரண்டிற்கும் ஒன்றே.