ஃபார்மட் போட்டா சரியாயிடுமாம்!

என் அக்கா மகனின் லேப்டாப்பில் உபுண்டு ஓடுகிறது. மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரு டைப்-சி டாக்கில் மாட்டி வேலை பார்ப்பான். டாக்கைப் பிடுங்கினால் போச்சு, மெஷின் அப்படியே உறைந்துவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் மீட்சி. கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஃபார்மட் போட்டுடலாம் தம்பி, சரியாயிடும்." போட்டார், காசு வாங்கினார். வீட்டுக்கு வந்து டாக்கைப் பிடுங்கினான். உறைந்தது.

உறையாமல் என்ன செய்யும்? போட்டது அதே உபுண்டு, அதே கெர்னல், அதே கிராஃபிக்ஸ் டிரைவர்.

ஃபார்மட் அழிப்பது எஸ்எஸ்டியில் இருப்பதை மட்டும். பயாஸ் மதர்போர்டில் தனிச் சிப்பில் இருக்கிறது. டாக்கின் ஃபர்ம்வேர் டாக்குக்குள்ளேயே இருக்கிறது. பிடுங்கும்போது உறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இவையும் கெர்னல் டிரைவரும்தான். மறுமுனையில் சாதனம் இல்லை என்பது தெரியாமல் டிரைவர் பதிலுக்குக் காத்துக்கிடக்கும். அது பிடித்துவைத்த பூட்டை விடாதவரை மற்ற வேலைகளும் நிற்கும். இதற்கு எஸ்எஸ்டியைத் துடைப்பது, தெரு டிரான்ஸ்ஃபார்மர் போனதற்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி.

இத்தனைக்கும் லினக்ஸ் எதையும் ஒளிப்பதில்லை. உறைந்ததும் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் கெர்னலுக்கு உயிர் இருக்கிறது, திரை மட்டும்தான் செத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பவர் பட்டனுக்குப் போகுமுன் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாகத் தட்டலாம்: எழுதாமல் நின்ற தரவு டிஸ்க்குக்குப் போகும், டிஸ்க் எழுத முடியாத நிலைக்கு மாறும், மெஷின் ரீபூட் ஆகும். சில லேப்டாப்புகளில் எஃப்என் விசையும் சேர வேண்டும். பிறகு டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையை 'மைனஸ் பி மைனஸ் 1' சேர்த்து ஓட்டினால் மெஷின் போன முறை ஓடியபோது எழுதிய பதிவு வரும். கடைசி வரிகளில் குற்றவாளியின் பெயர் இருக்க வாய்ப்புண்டு. கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை பிடுங்கிப் பார்த்தால் சந்தேகம் இன்னும் குறையும். இதற்கெல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். ஆனால் படிக்க வேண்டுமே! ஃபார்மட்டுக்குப் படிப்பு வேண்டாம், பென்டிரைவ் போதும்.

அழித்த எஸ்எஸ்டியில் பையனின் ப்ராஜெக்ட் இருந்ததா, போட்டோக்கள் இருந்தனவா? "பேக்கப் எடுத்திருக்கணும் தம்பி" என்று அறிவுரை மட்டும் இலவசம்.

அடுத்த பல்லவி, "பேசாம விண்டோஸ் போட்டுடுங்க." காசு கொடுத்து வாங்கிய விண்டோஸா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், முகம் கோணும். 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98-இல் ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை வந்தது ஊரறிந்த கதை. லினக்ஸ் நமக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது; டெபியன் லினக்ஸ் அடிப்படையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதைத் திறந்து பார்க்கச் சொல்லித்தர எத்தனை பள்ளிகளில் ஆள் இருந்தார்கள்? ஆனால் அதை அழித்துத்தர மட்டும் தெருவுக்கு ஒருவர் இருந்தார். கேபிள் பெட்டிக்கு "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க", கம்ப்யூட்டருக்கு "ஃபார்மட்". காரணம் கேட்பதே நமக்குக் கெட்ட பழக்கமாகிவிட்டது.

அக்கா மகனின் மெஷின் பயாஸ் அப்டேட்டில் சரியானது. எஃப்டபிள்யூஅப்டி என்ற இலவசக் கருவி உபுண்டுவிலேயே இருக்கிறது. அதுதான் அப்டேட்டை இறக்கிப் போட்டது. டாக்கைப் பிடுங்கினான். உறையவில்லை. எஸ்எஸ்டியில் ஒரு ஃபைலும் அழியவில்லை.

அடுத்த முறை யாராவது ஃபார்மட் என்று வாயைத் திறந்தால், "முதலில் ஜர்னல் பதிவைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தெரியாதவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.