சிறைக்குப் போனது யார்?

கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எடைக்கல்லில் முத்திரை இல்லையென்றால் அதிகாரி வந்து நிற்பார். அபராதம் கட்டாமல் நகர முடியாது. மனித உயிரை எடுத்தவனிடம் கணக்குக் கேட்க மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

ஆஸ்திரேலியாவின் எஸ்.ஏ.எஸ். படை அந்த நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய படை. ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் அது செய்ததைப் பற்றி, நான்காண்டு விசாரணைக்குப் பின் 2020 நவம்பரில் அறிக்கை வெளியானது. விசாரித்தவர் நம் ஆள் அல்ல. அவர்கள் நாட்டு நீதிபதியும் மேஜர் ஜெனரலுமான பால் பிரேரட்டன். 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு, சிறப்புப் படையினர் 25 பேருக்கு அதில் தொடர்பு உண்டு என்றார் அவர். எதுவும் சண்டையின் வேகத்தில் நடந்ததல்ல!

இளைஞர்களே, இதைக் கவனியுங்கள். புதிதாக வந்த சிப்பாய் 'பழக வேண்டும்' என்பதற்காகக் கைதியைச் சுடச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு உடலருகே ஒரு துப்பாக்கியையோ வயர்லெஸ் கருவியையோ போட்டுப் படம் எடுத்தால், 'தீவிரவாதி' தயார்! (இந்த வித்தை நமக்குப் புதிதா என்ன?) கொல்லப்பட்ட ஓர் ஆப்கானியரின் செயற்கைக் காலை முகாமுக்கு எடுத்துவந்து அதில் பீர் ஊற்றிக் குடித்தார்கள். படமே வெளியானது.

அப்புறம் என்ன நடந்தது? படைக்குத் தந்த கூட்டு விருதைத் திரும்பப் பெறுவோம் என்றார் முப்படைத் தளபதி. 2021-ல் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் டட்டன் அதை ரத்து செய்தார். கொலைக் குற்றச்சாட்டு முதன்முதலில் ஒரு முன்னாள் சிப்பாய் மீது பதிவாக 2023 ஆனது. 2024 மே மாதம் ஒருவருக்கு 5 ஆண்டு 8 மாதச் சிறை கிடைத்தது. யாருக்கு? ரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்த ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைடுக்கு! சிப்பாய்கள் மீது அளவுக்கு மீறி விசாரணை நடக்கிறது என்று காட்டவே அவர் அவற்றைக் கொடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அன்றுவரை, கொன்றதற்காக ஒரு சிப்பாய்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இதை வைத்து வெள்ளைக்காரன் எல்லாம் ஒன்று என்று டீக்கடையில் பேசிவிடாதீர்கள். விசாரணைக்கு முன் வந்து சாட்சி சொன்னவர்களில் அதே படையின் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் வாய் திறக்காவிட்டால் இந்த 39 என்ற எண்கூட நமக்குக் கிடைத்திருக்காது.

எண் மட்டும்தான் கிடைத்தது. வெளியிட்ட அறிக்கையில் சம்பவங்களின் பக்கங்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. சுட்டவர் பெயரும் இல்லை, செத்தவர் பெயரும் இல்லை.