நடுக் கட்டத்தில் பத்துப் பேர்

சொற்புதிரில் ‘வா_ம்’ என்று நின்றால் வானமா வாரமா என்று நாக்கே சொல்லிவிடும். எண் குறுக்கெழுத்தில் அந்தச் சலுகை இல்லை. 3_7 என்றால் நடுக் கட்டத்துக்குப் பத்து இலக்கங்களும் சம உரிமையோடு வரிசையில் நிற்கும்.

சின்னதாக ஒன்று: மூன்று கட்டம் அகலம், இரண்டு வரிசை. மேல் வரிசை ஒரு கன எண். மேலிருந்து கீழ் மூன்றும் வர்க்க எண்கள். மூன்றிலக்கக் கன எண்கள் ஐந்துதான்: 125, 216, 343, 512, 729. ஈரிலக்க வர்க்கங்களில் 5-லோ 7-லோ தொடங்குவது கிடையாது. 125, 512, 729 மூன்றும் காலி. மிஞ்சிய 216-க்குக் கீழே 564 வரும், 343-க்குக் கீழே 696. ‘கீழ் வரிசையைத் திருப்பிப் படித்தாலும் அதே எண்’ என்று குறிப்பு இருந்தால் 343-தான். ஊகிக்கவே இல்லை, நீக்கினோம், அதில்தான் போதை.

இங்கிலாந்தின் ‘தி லிஸனர்’ இதழில் 1930-இல் தொடங்கி, 1991 முதல் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வரும் புதிர் வரிசையில் ஆண்டுக்கு நான்கு எண் புதிர்கள். அவை இவ்வளவு சாது அல்ல. குறிப்பே இயற்கணிதமாக இருக்கும். எந்த எழுத்து எந்த எண் என்பதையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கால்குலேட்டர் பெருக்கித் தரும், எங்கே தொடங்குவதென்று சொல்லாது. சொல் தப்பினால் கண்ணில் உறுத்தும். எண் தப்பினால் இருபது கட்டம் தாண்டித்தான் தெரியும், அதற்குள் ரப்பர் தேய்த்துத் தாள் கிழிந்திருக்கும்.