கோழி இறகு உதிர்த்தால்



பகல் குறையத் தொடங்கினால் பின்வளவுக் கோழிகள் இறகைக் கொட்டும், முட்டையும் நிற்கும். பெரும்பாலும் நோயல்ல. இறகில் ஏறத்தாழ 85 சதவீதம் புரதம். முட்டைக்கோழித் தீவனத்தில் வழக்கமாக 16 சதவீதந்தான். புண் ஆறுகிறவருக்கு வார்டில் புரதம் கூட்டுவதுபோல, இந்த இரண்டு மூன்று மாதம் புரதம் கூடிய தீவனம் வாங்கிப் போடுங்கள்.

அம்மம்மா பாவம் பார்த்து மிச்சச் சோறும் மீனும் போடப் பார்ப்பா. இங்கே அது சட்டவிரோதம். சமையலறைக்குள் போய்வந்த காய்கறித் தோல்கூடக் கூடாது. 2001 கோமாரி நோய் பட்ட பாடு அப்படி! தோட்டத்தில் நேரே பறித்த கீரை கொடுக்கலாம்.

முளைக்கும் இறகுக் குருத்தில் இரத்தம் ஓடும், தொட்டால் நோகும். தூக்கிக் கொஞ்சாதீர்கள். தின்னாமல் ஒடுங்கி நின்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே கோழியென்றாலும் 2024 அக்டோபர் 1 முதல் பதிவு கட்டாயம்.