மூன்றாம் எண் சட்டை

டான் கோல் என்ற பெயரைச் சொன்னாலே ரக்பி தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் 2019-ஐ இழுத்துவிடுகிறார். இங்கிலாந்துக்காக 118 ஆட்டங்கள் ஆடியவர். லெஸ்டர் டைகர்ஸ் என்ற ஒரே கிளப்பின் முன்வரிசையில் 300 ஆட்டங்களுக்கு மேல் தோள் கொடுத்தவர். 2025 ஜூனில், 38 வயதில்தான் சட்டையைக் கழற்றினார். அப்படிப்பட்டவரை ஒரே ஒரு சனிக்கிழமை மாலையை வைத்து எடைபோடுவது அநியாயம் என்பது என் கட்சி.

அந்த மாலையிலிருந்தே தொடங்குகிறேன். 2019 நவம்பர் 2, ஜப்பானின் யோகோஹாமா. உலகக் கோப்பை இறுதியாட்டம், தென்னாப்பிரிக்காவுடன். அதற்கு முந்தைய வாரம் நியூசிலாந்தை 19-7 என்று வீழ்த்திவிட்டு வந்திருந்தது இங்கிலாந்து. கோப்பை அவர்களுக்குத்தான் என்று பலரும் முடிவுகட்டியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே கைல் சிங்க்லர், சொந்த அணிக்காரரான மரோ இட்டோஜேயின் கை தலையில் பட்டு நினைவிழந்து விழுந்தார். அவர் டைட்ஹெட் ப்ராப், 3-ஆம் எண் சட்டைக்காரர். பெஞ்சில் அந்த இடத்துக்கு இருந்த ஒரே ஆள் கோல். இரண்டாம் பாதியில் கடைசி இருபது, முப்பது நிமிடங்களுக்குத் தேவைப்படுவோம் என்று உட்கார்ந்திருந்தவர், கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் சுமக்க இறங்கினார்.

எதிரே நின்றவர் டெண்டாய் மட்டவாரீரா. ஹராரேயில் பிறந்து தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர். ரசிகர்கள் அவரை ‘பீஸ்ட்’ என்றே அழைப்பார்கள். தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்தின் ஸ்க்ரம் பின்னுக்குப் போனது. விசில் ஒலித்தது, பெனால்டி. மறுபடி ஸ்க்ரம், மறுபடி விசில். ஹாண்ட்ரே போலார்ட் நிதானமாகக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மும்மூன்று புள்ளிகளாகச் சேர்த்துக்கொண்டே போனார். 32-12 என்று முடிந்த ஆட்டத்தில் 22 புள்ளிகள் அவருடையவை.

ஸ்க்ரம்முக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பந்துக்காக எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் முட்டித் தள்ளுவதுதான் ஸ்க்ரம். முன்வரிசையில் மூவர்: இடப்பக்கம் லூஸ்ஹெட், நடுவில் ஹூக்கர், வலப்பக்கம் டைட்ஹெட். ஓரத்து இருவரும் ப்ராப்கள். இரு தரப்பும் குனிந்து முட்டும்போது லூஸ்ஹெட்டுக்கு ஒரு பக்கக் காது வெளியே இருக்கும். அந்தப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காற்றோட்டம் உண்டு. டைட்ஹெட்டுக்கு அந்த வசதியும் இல்லை. அவர் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் இடையில் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டு பேரின் பாரம் அவர் கழுத்திலும் தோளிலும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் அவருடைய சொந்த அணியே முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் இப்படி நெரிக்க, முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, வலது கையால் எதிராளியின் ஜெர்சியை முதுகுப்புறம் பற்றி, ஷூவின் ஆணிகள் வழுக்காமல் அவர் நிற்க வேண்டும். இடுப்பு ஒரு சாண் விலகினால் போதும், ஸ்க்ரம் சரிந்துவிடும். யார் சரித்தார் என்று நடுவர் ஒரு நொடியில் முடிவு செய்வார். அந்த முடிவுக்கு மூன்று புள்ளிகள் விலை.

தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. கட்டை நழுவினால்தான் ஊரே அவர் பக்கம் திரும்பும். டைட்ஹெட்டின் பிழைப்பும் அப்படித்தான். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் பந்து சுத்தமாகப் பின்னால் வந்துவிடும், கேமரா பந்தோடு போய்விடும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை; கோல் இங்கிலாந்துக்காக அடித்த ட்ரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2016-இல் பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக ஒன்று அடித்தார். ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்த நாள் அது.

யோகோஹாமாவில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் தென்னாப்பிரிக்கா தன் இரண்டு ப்ராப்களையும் மாற்றியது. மட்டவாரீராவுக்குப் பதிலாக ஸ்டீவன் கிட்ஷாஃப், மறுபக்கம் வின்சென்ட் காக். இருவரும் வேறு எந்த அணியிலும் முதல் பதினைந்தில் இடம் பிடிக்கக்கூடியவர்கள், அலுப்பே இல்லாத கால்களோடு வந்தார்கள். இங்கிலாந்தும் இடப்பக்கம் மாகோ வுனிபோலாவை எடுத்துவிட்டு ஜோ மார்லரை இறக்கியது. கோலுக்கு மட்டும் மாற்று கிடையாது. இருந்த மாற்றே அவர்தானே. கடைசி விசில் வரை, நாற்பது நிமிடக் களைப்போடு புத்தம் புதிய ஆட்களை முட்டிக்கொண்டு நின்றார். தோற்றதற்கு அவர் பொறுப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஸ்க்ரம் எட்டுப் பேர் வேலை, அவமானம் மட்டும் ஒருவர் கணக்கில் எழுதப்பட்டது என்கிறேன்.

அவர் லெஸ்டரில் பிறந்து லெஸ்டரிலேயே தொழில் கற்றவர். அந்த ஊரில் முன்வரிசைக்காரர்களுக்குத் தனி மரியாதை உண்டு. கிரஹாம் ரவுன்ட்ரீ, ரிச்சர்ட் காக்கரில், டேரன் கார்ஃபோர்த் என்ற மூவர் 1990-களில் எண்களுக்குப் பதிலாக ஏ, பி, சி என்ற எழுத்துகள் போட்ட சட்டையோடு ஆடினார்கள். ஏபிசி கிளப் என்றே ஊர் அவர்களைக் கொண்டாடியது. கோல் 2007-இல் கிளப்பின் மூத்தோர் அணிக்கு வந்தபோது அதே இடத்துக்கு ஜூலியன் வைட்டும் இத்தாலியின் மார்ட்டின் காஸ்ட்ரோஜியோவானியும் இருந்தார்கள். பயிற்சியில் எதிரே முட்ட அர்ஜென்டினாவின் மார்கோஸ் அயெர்சா. அப்படிப்பட்டவர்களிடம் அடிபட்டு, மிதிபட்டுத்தான் இந்த வேலை படியும். ஓட்டக்காரன் 22 வயதில் உச்சத்துக்குப் போய்விடலாம். ப்ராப் முற்றுவதற்கு நாளாகும்.

கற்றதைப் பாதியில் மறந்து மறுபடி கற்க வேண்டியும் வந்தது. 2010-இல் அவர் இங்கிலாந்துக்கு ஆடத் தொடங்கியபோது, இரு வரிசைகளும் சற்றுத் தள்ளி நின்று நடுவர் சொன்னதும் பாய்ந்து மோதும். முதல் மோதலில் யார் ஜெயிக்கிறாரோ அவருக்கே பாதி வெற்றி. கழுத்துகளுக்கு ஆபத்து என்று 2013-இல் விதியை மாற்றினார்கள்: குனி, பற்று, பிறகே முட்டு. எதிராளியைப் பிடித்த பிறகுதான் தள்ள முடியும். பாய்ச்சலின் பலம் குறைந்து, முட்டியபடி நீண்ட நேரம் தாங்கும் பலம் பெரிதானது. அடுத்த ஆண்டே கோலின் கழுத்தெலும்புகளுக்கு இடையிலான வட்டு பிதுங்கி, ஆறு நாடுகள் போட்டியின் நடுவில் விலக நேர்ந்தது. 120 கிலோ எடைகள் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு அந்தக் கழுத்தோடு திரும்பிப் போக எனக்குத் தைரியம் வராது. அவர் போனார்.

2019-க்குப் பிறகு தேசிய அணி அவரைக் கூப்பிடவில்லை. அப்போது அவர் கணக்கில் 95 ஆட்டங்கள். கிளப்பும் தரைதட்டிக் கிடந்தது. பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம். அங்கேயே இருந்து, ஸ்டீவ் போர்த்விக்கின் பயிற்சியில், 2022-இல் லீக் பட்டத்தை வென்ற அணியில் ஒருவரானார். போர்த்விக் இங்கிலாந்தின் பயிற்சியாளரானதும் முதலில் எடுத்த முடிவுகளில் ஒன்று, 35 வயதுக் கோலை மறுபடி அழைத்தது. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் பெரிய சாதனை இந்த இடைவெளிதான். கைதட்ட ஆளில்லாத அந்த மூன்று ஆண்டுகளில் அவர் திங்கட்கிழமைதோறும் போய் அதே குனிதலைக் குனிந்திருக்கிறார்.

2023 அக்டோபர் 21, பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனிஸ், மழை. உலகக் கோப்பை அரையிறுதி. மறுபடியும் தென்னாப்பிரிக்கா. 3-ஆம் எண் சட்டையில் கோல். எதிரே அதே கிட்ஷாஃப். இந்த முறை இங்கிலாந்தின் முன்வரிசை குலையவில்லை. இரண்டாம் பாதியில் கோல் வெளியே போகும்போது அணி முன்னிலையில் இருந்தது. 15-6 வரை போனார்கள். பிறகு தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரை அடித்தது. பெஞ்சிலிருந்து வந்த ஆக்ஸ் நிச்சே இங்கிலாந்தின் புதிய முன்வரிசையை முட்டித் தள்ள, கடைசி நிமிடங்களில் ஸ்க்ரம் பெனால்டி கிடைத்தது. உதைத்தவர் அதே போலார்ட். 16-15.

கோலை மட்டும் அந்த மாலையில் யாரும் குறை சொல்லவில்லை. யோகோஹாமாவைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கடைசி ஆட்டத்திலும் அவருக்கு அலங்காரமான வழியனுப்பு வாய்க்கவில்லை. 2025 லீக் இறுதியில் மாற்று வீரராக வந்தவர், பாத் அணியின் ஃபின் ரஸ்ஸல் மீது தாமதமாக மோதியதற்காக மஞ்சள் அட்டை வாங்கினார். லெஸ்டர் 21-23 என்று தோற்றது. அடுத்த மாதம் இங்கிலாந்து அர்ஜென்டினாவுக்குப் போய் இரண்டு டெஸ்ட்களையும் வென்றபோது டைட்ஹெட்டாக இறங்கியவர் ஜோ ஹேய்ஸ். லெஸ்டரில் கோலின் நிழலில் ஆண்டுக்கணக்காக முட்டிப் பழகியவர்.