ரெண்டு ஜாக்கெட்டும் ஒரு கொக்கி ஊசியும்

வீட்டுல அரிசி மூட்டை பிரிச்சிருக்கீங்களா? வாயில போட்டிருக்கிற தையலை சரியான முனையில பிடிச்சு இழுத்தா சர்ருனு மொத்தமா கழண்டு வந்துடும். தப்பான முனையில இழுத்தா இறுகிக்கும், கத்தரிக்கோல் தேடணும். அதுதான் சங்கிலித் தையல். ஒவ்வொரு வளையமும் முந்தின வளையத்தைப் பூட்டுது. கடைசி வளையத்துக்கு மட்டும் பூட்டு கிடையாது. போடியில ஏலக்காய் மூட்டையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது புது விஷயம் இல்ல.

இப்ப எதுக்கு மூட்டைக் கதை? நம்ம பேட்ச் ஜாக்கெட்டுக்குத்தான். நெஞ்சுல புசுபுசுன்னு ஒரு எழுத்து கேட்டோமே, அந்த வேலைக்குப் பேர் செனில். பிரெஞ்சுல கம்பளிப்பூச்சின்னு அர்த்தம். 1865-ல ஹார்வர்டு பேஸ்பால் டீம் சட்டையில H எழுத்தை எம்பிராய்டரி பண்ணிப் போட்டுக்கிட்டாங்க. அங்க ஆரம்பிச்ச பழக்கம் நம்ம வாட்ஸப் குரூப் வரைக்கும் வந்திருக்கு. எழுத்துக்குத் தனியா காசுன்னு சொன்னப்ப ஒருத்தர்கூட பேரம் பேசல. நானும்தான்.

அதே வாரம் கம்பத்துல எங்க சித்தி வீட்டுக்கு ஒரு அக்கா வந்தாங்க. கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க். நாலு நாள் குனிஞ்சு போட்ட வேலைக்கு, "கம்ப்யூட்டர் எம்பிராய்டரின்னா பாதிதானே கேப்பாங்க"ன்னு முக்கால் மணி நேரம் பேரம்.

சித்தி முன்னாடி ஏலத்தோட்டத்துக்குப் போனவங்க. விடியக்காலையில ஜீப்ல நெருக்கிக்கிட்டு கம்பம்மெட்டு ஏறி, இருட்டினதும் இறங்கணும். அந்த வளைவுகள்ல ஜீப் போற வேகம் நம்ம பள்ளத்தாக்குக்காரங்களுக்குத் தெரியும். ஆரி கத்துக்கிட்ட பிறகுதான் அந்த ஜீப்பை விட்டாங்க. அதனால ஆர்டர் குறைஞ்சா அவங்க கணக்குல குறையறது காசு மட்டும் இல்ல.

இங்லீஷ் மீடியத்துல படிச்சு மெக்கானிக்கல் எடுத்த எனக்கு, சித்தி கையில இருக்கிறது ஒரு மெக்கானிசம்னு உறைக்கவே மூணு வருஷம் ஆச்சு. துணியை ஃபிரேம்ல இழுத்துக் கட்டியிருக்கும். மேல் கையில கொக்கி ஊசி, துணிக்கு அடியில இருக்கிற கையில நூல். ஊசி இறங்கினதும் கீழ் கை நூலைக் கொக்கியில சுத்தும், ஊசி வளையத்தோட மேல வரும். அடுத்த குத்து அந்த வளையத்துக்குள்ளயே இறங்கும். பாபின் கிடையாது, ஒரே நூல்.

செனில் மெஷினும் இதேதான். கீழ் கைக்குப் பதிலா லூப்பர்னு ஒரு பாகம், அவ்வளவுதான். வளையத்தைப் பூட்டிக்கிட்டே போனா சங்கிலி. பூட்டாம ஒவ்வொண்ணையும் ஒரே உயரத்துக்கு இழுத்து நிக்க விட்டா புசுபுசு. சாதாரணமா ஓரத்துக்குச் சங்கிலி, உள்ள நிரப்ப வளையம். பூட்டு இல்லாத வளையம் உருவிடும்கிறதால பின்னாடி பசை வெச்சு ஒட்டுவாங்க. ஜாக்கெட் வந்ததும் எழுத்தைப் பிச்சுப் பார்க்காதீங்க.

மெஷின் வந்தா கை வேலை போயிடும்ங்கிற பயம் புதுசு இல்ல. பிரான்ஸ்ல திமோனியேன்னு ஒரு தையல்காரர் கொக்கி ஊசியை வெச்சே தையல் மெஷின் பண்ணி 1830-ல பேட்டன்ட் வாங்கினார். அடுத்த வருஷமே பாரிஸ்ல மத்த தையல்காரங்க அவரோட ஒர்க்‌ஷாப்புல புகுந்து மெஷினை உடைச்சாங்க. உடைச்சது தப்புன்னு நமக்குச் சொல்றது ஈஸி, நம்ம சோறு அதுல இல்லையே.

ஆனா 1865-ல போனாஸ்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் பண்ணின மெஷின் வேற மாதிரி. மேஜைக்கு அடியில ஒரு கைப்பிடி. அதை எந்தப் பக்கம் திருப்புறோமோ அந்தப் பக்கம் துணி நகரும். டிசைன் மெஷினுக்குள்ள இல்ல, ஓட்டுறவங்க கையில இருக்கு. என் கருத்து இதுதான்: சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் வேண்டியது இந்த மாதிரி மெஷின். பல லட்சம் போட்டு வாங்குற பல தலை கம்ப்யூட்டர் மெஷின் முதலாளிக்கு லாபம். சித்திக்கு அங்க வேலை கிடைச்சாலும் நூல் மாட்டுற வேலைதான். கைப்பிடி மெஷின் ஒண்ணு வீட்டுல இருந்தா, நாள் கணக்கா இழுக்கிற சங்கிலி வரிசையை அதுல ஓட்டிட்டு, மணியும் கல்லும் மட்டும் கையில கோக்கலாம். கழுத்துவலியும் குறையும்.

"அப்ப கையால போட்ட ஆரின்னு எப்படி விக்கிறது?"ன்னு சித்தியே கேட்டாங்க. நியாயமான கேள்வி. மெஷின்ல ஓட்டினதை ஓட்டினதுன்னு சொல்லியே விக்கணும்னுதான் நான் சொன்னேன். அவங்களுக்கு இன்னும் முழுசா ஒப்பல.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்குறோம், மறைக்க ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் நான் வாங்கல. பழைய தையல் மெஷின் தலை ஒண்ணு எடுத்து லூப்பர் பொருத்திக்கிட்டு இருக்கேன். மூணு குத்துக்கு ஒரு தடவை நூலை விட்டுடுது. போன ஞாயித்துக்கிழமை சித்தி வந்து பார்த்துட்டு, "மேல வரும்போது ஊசியைக் கொஞ்சம் திருப்பணும்டா, இல்லன்னா கொக்கி துணியில மாட்டும்"னாங்க. அந்தத் திருப்பல் என் டிராயிங்லயே இல்ல. கேம் டிசைன் தெரிஞ்ச மூணாம் வருஷப் பசங்க யாராவது இருந்தா லேப்புக்கு வாங்க, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அங்கதான் இருப்பேன்.