பிரிட்ஜில் பனி உருகவில்லையா?



ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு பல வீடுகளில் ஒரு முறைப்பாடு எழும். "மேலே இறைச்சி கல்லாக இறுகிக் கிடக்கிறது, கீழே வைத்த பால் புளித்து விடுகிறது. திருத்த வந்தவர் காஸ் முடிந்துவிட்டது என்கிறார்." காஸ் நிரப்பப் பணம் கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள். கோளாறு வேறிடத்தில் இருக்கலாம்.

நோ ஃப்ரொஸ்ட் வகைப் பிரிட்ஜ்களில் குளிர்க்குழாய்கள் ஃப்ரீசரின் பின்தகட்டுக்கு அப்பால் மறைந்துள்ளன. கதவைத் திறக்கும்போதெல்லாம் புகும் ஈரக்காற்று அவற்றின்மீது பனியாகப் படிகிறது. பொதுவாகக் கொம்பிரசர் 6 முதல் 12 மணித்தியாலம் ஓடியதும் அது நிறுத்தப்பட்டு, சிறியதொரு ஹீட்டர் சூடேறும். 20, 30 நிமிடங்களில் பனி உருகி, நீர் ஒரு குழாய் வழியே பின்புறத் தட்டில் வடிந்து ஆவியாகிவிடும்.

ஹீட்டர், அதை இயக்கும் டைமர், வெப்பத்தை உணரும் சிறு கருவி ஆகியவற்றுள் ஒன்று பழுதானாலும் பனி சுவராக வளர்ந்து காற்றின் வழியை அடைத்துவிடும். குளிர் கீழே இறங்காது. மேல்தட்டு உறைந்திருக்கக் கீழ்த்தட்டு சூடாவது இதனால்தான்.

இதைக் கண்டறிய ஒரு வழியுண்டு. உணவுகளை அயல்வீட்டு ஃப்ரீசரில் ஒப்படையுங்கள். பிளக்கைக் கழற்றி, இரு கதவுகளையும் 24 மணித்தியாலம் திறந்து வையுங்கள். கீழே பழைய துவாய்களை விரியுங்கள். பின்பு இயக்கிப் பாருங்கள். சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் மீண்டும் பழைய நிலை வந்தால், பெரும்பாலும் பனி உருக்கும் பகுதியில்தான் பழுது. அதைத் திருத்துபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். உருக்கிய பிறகும் குளிரவில்லையென்றால் காஸ் அல்லது கொம்பிரசரைப் பார்க்க வேண்டும்.

மரக்கறிப் பெட்டியின் கீழ் தண்ணீர் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கக்கூடும். இளஞ்சூட்டு நீரை ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாகச் செலுத்துங்கள். கதவு ரப்பரையும் சோதியுங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் அது இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். குழாய் ஓட்டையானால் காஸ் வெளியேறிவிடும். இன்றைய பல பிரிட்ஜ்களில் உள்ள காஸ் தீப்பற்றக்கூடியது. பின்தகட்டைக் கழற்றும் வேலையும் உங்களுடையதன்று.

கீழ்த்தட்டு 4 பாகை செல்சியசுக்கும், ஃப்ரீசர் கழித்தல் 18 பாகைக்கும் மேற்படலாகாது. 4 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் 2 மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த சமைத்த உணவு, இறைச்சி, மீன், பால் ஆகியவற்றை மணந்து பார்த்துப் பயன்படுத்த வேண்டாம். கெடுதல் எப்போதும் மணத்தில் தெரிவதில்லை. உணவு வீணாகிவிடுமே என்ற கவலை நல்லதுதான். ஆனால் நம் உடலும், நம் பிள்ளைகளின் உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.